ஹான்ஸ் வால்டர் கோஸ்டர்லிட்ஸ்

ஹான்ஸ் வால்டர் கோஸ்டர்லிட்ஸ் (ஏப்ரல் 27, 1903 - அக்டோபர் 26, 1996) ஜெர்மனியில் பிறந்து ஸ்காட்லாந்தில் வாழ்ந்த மருந்தியல் அறிஞர் ஆவார். மூளை தானாகவே சுரக்கும் அபினி போன்ற பொருட்களான என்கெஃபலின்களை 1975ஆம் ஆண்டு ஜான் ஹியூஸ் என்பவருடன் இணைந்து கண்டறிந்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஓப்பியாய்டு மருந்துகள் உடலில் செயல்படும் இடங்களுள் ஒன்றான டெல்டா ஏற்பியை 1977இல் இனங்கண்டதும் இவருடைய ஆய்வுக்குழுவே. இவ்விரு கண்டுபிடிப்புகளும் நிகழ்ந்தபோது இவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். சுண்டெலிகளிலும் எலிகளிலும் வலி, அச்சம், மனச்சோர்வு, மருந்துப் பழக்கம் ஆகியவை குறித்துப் பின்னர் நடைபெற்ற பல ஆய்வுகளுக்கு இவருடைய பணி அடித்தளமாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

கோஸ்டர்லிட்ஸ் பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெர்ன்ஹார்ட் கோஸ்டர்லிட்ஸ் ஒரு மருத்துவர். தந்தையின் விருப்பப்படி முதலில் சட்டம் பயிலத் தொடங்கிய இவர், விரைவிலேயே மருத்துவப் படிப்பிற்கு மாறினார். ஹைடெல்பர்க், ஃபிரைபர்க், பெர்லின் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். 1928 முதல் பெர்லினின் புகழ்பெற்ற சாரிடே மருத்துவமனையில் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவரின் துறையில் பணியாற்றினார். மாவுச்சத்தும் சர்க்கரையும் உடலில் அடையும் மாற்றங்கள், குறிப்பாக நீரிழிவு நோயாளிகளின் உடல் கேலக்டோஸ் என்னும் சர்க்கரையைக் கையாளும் விதம், இவருடைய தொடக்க கால ஆய்வுப் பொருளாக இருந்தது.

ஜெர்மனியை விட்டு வெளியேறல்

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றிய ஏராளமான அறிஞர்கள் இதனால் வேலை இழந்தனர். கோஸ்டர்லிட்ஸும் அவர்களுள் ஒருவர். ஜெர்மனியில் தமக்கு எதிர்காலம் இல்லை என்பதை உணர்ந்த இவர், 1934இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரை நகரமான அபர்தீனுக்குச் சென்றார்.

அபர்தீனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கு உடலியங்கியல் பேராசிரியராக இருந்த ஜே. ஜே. ஆர். மக்லவுட் ஆவார். இன்சுலின் கண்டுபிடிப்பிற்காக 1923இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மக்லவுட், சர்க்கரை வளர்சிதை மாற்றத்தில் முன்னணி அறிஞராகத் திகழ்ந்தார். ஆனால் கோஸ்டர்லிட்ஸ் சென்ற அடுத்த ஆண்டே, 1935இல், மக்லவுட் காலமானார். கோஸ்டர்லிட்ஸ் அபர்தீனை விட்டு நீங்கவில்லை. 1936இல் அப்பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாழ்நாளின் எஞ்சிய அறுபது ஆண்டுகளையும் அந்நகரிலேயே கழித்தார்.

தொடக்க கால ஆய்வுகள்

அபர்தீனில் முதல் இருபது ஆண்டுகள் இவர் ஒரு உயிர்வேதியியலாளராகவும் உடலியங்கியலாளராகவும் பணியாற்றினார். உண்ட கேலக்டோஸ் கல்லீரலில் முதலில் ஒரு பாஸ்பேட் சேர்மமாக மாறுகிறது என்பதைக் காட்டி, அச்சேர்மத்தின் அமைப்பையும் நிறுவினார். குழந்தைகளைப் பாதிக்கும் கேலக்டோசீமியா என்னும் பரம்பரை நோயில் உடலில் தேங்குவது இதே சேர்மம்தான் என்பது பின்னர் தெரியவந்தது. உணவில் புரதத்தின் அளவு மாறும்போது கல்லீரல் செல்கள் அடையும் மாற்றங்களையும் இவர் ஆராய்ந்தார்.

1950களில் இவருடைய கவனம் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பக்கம் திரும்பியது. 1953-54இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருந்தியல் அறிஞர் ஓட்டோ கிரேயரிடம் சில காலம் பணியாற்றினார். குடலின் அலை அசைவும் அதன்மீது மார்ஃபினின் விளைவும் இக்காலம் முதல் இவருடைய முதன்மை ஆய்வுப் பொருளாயின.

குடல் துண்டும் மார்ஃபினும்

அபினி உண்பவர்களுக்கு மலச்சிக்கல் ஏற்படுவது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. கினி எலியின் சிறுகுடலைத் தனியே எடுத்து வைத்து, அதன் அலை அசைவை மார்ஃபின் தடுப்பதை ஜெர்மானிய அறிஞர் டிரெண்டலன்பர்க் 1917இலேயே காட்டியிருந்தார். கோஸ்டர்லிட்ஸ் இந்தப் பழைய முறையை ஒரு துல்லியமான அளவுகோலாக மாற்றினார்.

கினி எலியின் சிறுகுடல் துண்டு ஒன்று, உப்புக்கரைசல் நிறைந்த சிறிய கண்ணாடிக் கலத்தில் தொங்கவிடப்படும். கரைசல் உடல் வெப்பத்தில் வைக்கப்பட்டு, அதனுள் ஆக்சிஜன் செலுத்தப்படும். சிறிய மின்துடிப்புகள் கொடுக்கும்போது குடலில் உள்ள நரம்பு முனைகள் அசிட்டைல்கோலினை வெளிவிடும், தசை சுருங்கும். மார்ஃபினைச் சேர்த்தால் அசிட்டைல்கோலின் வெளியேறுவது குறைந்து, சுருக்கமும் சிறிதாகும். சுருக்கம் எவ்வளவு குறைகிறது என்பதை அளந்தால் மருந்தின் வீரியம் தெரிந்துவிடும்.

வலி என்பது மூளை சார்ந்த அனுபவம். குடல் துண்டு அதைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்ற ஐயம் அப்போது பலருக்கு இருந்தது. ஆயினும் குடல் துண்டில் ஒரு மருந்து காட்டும் வீரியமும் மனிதர்களிடம் அது வலியைப் போக்கும் வீரியமும் பெரும்பாலும் ஒத்துப்போவதைக் கோஸ்டர்லிட்ஸின் குழு பல மருந்துகளைக் கொண்டு நிறுவியது. நலோக்சோன் என்னும் எதிர்மருந்தையும் இவர்கள் 1960களின் பிற்பகுதியிலிருந்து முறையாகப் பயன்படுத்தினர். நலோக்சோன் ஏற்பியில் அமர்ந்து மார்ஃபினுக்கு இடமில்லாமல் செய்வது. எனவே ஒரு பொருளின் விளைவை நலோக்சோன் நீக்கினால், அப்பொருள் ஓப்பியாய்டு ஏற்பியின் வழியாகவே செயல்பட்டது என்று கொள்ளலாம்.

1968இல் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் தனித் துறையானபோது கோஸ்டர்லிட்ஸ் அதன் முதல் பேராசிரியரானார். 1969இல் இளம் ஆய்வாளரான ஜான் ஹியூஸ் அத்துறையில் சேர்ந்தார். 1973இல், தமது எழுபதாவது வயதில், பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற கோஸ்டர்லிட்ஸ், அதே ஆண்டு அப்பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட போதைப் பழக்க மருந்துகள் ஆய்வுப் பிரிவின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

சுண்டெலியின் விந்துநாளம்

1972இல் கிரேம் ஹெண்டர்சன், ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் ஆகிய மூவரும் மார்ஃபினுக்கு இணங்கும் மற்றொரு திசுவைப் பற்றி எழுதினர். அது சுண்டெலியின் விந்துநாளம். ஆண் உறுப்பு மண்டலத்தைச் சேர்ந்த இம்மெல்லிய குழாயை மின்துடிப்பால் தூண்டினால், நரம்பு முனைகள் நார்அட்ரினலினை வெளிவிட்டு அதைச் சுருங்கச் செய்கின்றன. மார்ஃபின் இந்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது. எல்லா விலங்குகளின் விந்துநாளமும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. சுண்டெலியின் திசு மட்டும் இதற்கு வெகுவாக வாய்ப்பாக அமைந்தது.

ஒன்றில் அசிட்டைல்கோலின், மற்றொன்றில் நார்அட்ரினலின் என இரு திசுக்களும் வெவ்வேறு நரம்பு வேதிப்பொருட்களைச் சார்ந்தவை. ஒரு பொருள் இரண்டிலும் சுருக்கத்தைக் குறைத்து, இரண்டிலும் நலோக்சோனால் முறியடிக்கப்பட்டால், அது மார்ஃபின் போன்றதே என்று துணிந்து கூற முடியும். இரட்டைச் சோதனை என்ற இந்த ஏற்பாடே அடுத்து வந்த கண்டுபிடிப்பிற்குத் திறவுகோலானது.

என்கெஃபலின் கண்டுபிடிப்பு

1973இல் பால்டிமோரில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமனும், சுவீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரேனியஸும் மூளையில் ஓப்பியாய்டு ஏற்பிகள் இருப்பதைத் தனித்தனியே காட்டினர். பூச்செடி ஒன்றின் பாலில் உள்ள மார்ஃபினுக்காக விலங்கின் மூளை ஏற்பிகளை வைத்திருக்க வேண்டிய தேவை இல்லை. அப்படியானால் மூளையிலேயே அதற்குரிய பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. எலிகளின் மூளையில் குறிப்பிட்ட பகுதிகளை மின்சாரத்தால் தூண்டினால் அவை வலியை உணராமல் இருப்பதும், அவ்விளைவை நலோக்சோன் ஓரளவு நீக்குவதும் அமெரிக்க ஆய்வுகளில் வெளிப்பட்டிருந்தன. இதுவும் அவ்வெண்ணத்திற்கு ஆதரவாக அமைந்தது.

ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் இறைச்சிக்கூடத்திலிருந்து பெற்ற பன்றி மூளைகளைக் கொண்டு தேடலைத் தொடங்கினர். மூளைச் சாற்றைப் பல படிகளில் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் சுண்டெலியின் விந்துநாளத்தில் சோதித்தனர். சுருக்கத்தைக் குறைத்து நலோக்சோனுக்கு அடங்கிய பகுதி மட்டும் அடுத்த படிக்குச் சென்றது. புரதங்களைச் சிதைக்கும் நொதி அப்பொருளைச் செயலிழக்கச் செய்ததால், அது ஒரு பெப்டைடு என்பது தெளிவாயிற்று. தலைக்குள் இருப்பது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு என்கெஃபலின் என்று பெயரிட்டனர்.

அதன் அமைப்பை அறிவதில் ஒரு சிக்கல் நேர்ந்தது. தூய்மையானது என்று கருதப்பட்ட பொருள் உண்மையில் இரண்டு பெப்டைடுகளின் கலவையாக இருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஹோவர்ட் மோரிஸ் நிறை நிறமாலை முறையைக் கொண்டு இச்சிக்கலைத் தீர்த்தார். இரண்டிலும் ஐந்து அமினோ அமிலங்கள் உள்ளன. டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபினைல்அலனின் என்ற முதல் நான்கும் இரண்டிற்கும் பொது. ஐந்தாவதாக ஒன்றில் மெத்தியோனினும் மற்றொன்றில் லூசினும் உள்ளன.

இக்கண்டுபிடிப்பு 1975 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியானது. ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ், மோரிஸ் ஆகியோருடன் டெரெக் ஸ்மித் அல்லாத வேறொரு ஸ்மித், லிண்டா ஃபாதர்கில், மார்கன் ஆகியோரும் அக்கட்டுரையின் ஆசிரியர்கள் ஆவர். மெத்தியோனின் என்கெஃபலினின் ஐந்து அமினோ அமில வரிசை, பிட்யூட்டரி சுரப்பியில் முன்பே அறியப்பட்டிருந்த பீட்டா லிப்போட்ரோபின் என்னும் நீண்ட பெப்டைடின் 61 முதல் 65 வரையிலான இடங்களில் அப்படியே காணப்படுவதையும் அக்கட்டுரை சுட்டிக்காட்டியது. பீட்டா எண்டார்ஃபின் இனங்காணப்படுவதற்கு இது வழிவகுத்தது.

உடலே உருவாக்கும் வலி நீக்கி என்பதால், பழக்கத்திற்கு அடிமையாக்காத மருந்து ஒன்றை இதிலிருந்து செய்துவிடலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் எழுந்தது. ஆனால் என்கெஃபலின்களை எலிகளின் மூளையில் செலுத்தியபோது வலி நீக்கம் மிகக் குறுகிய நேரமே நீடித்தது. நொதிகள் அவற்றை உடனே சிதைத்துவிட்டன. மூளைக்குள் தொடர்ந்து செலுத்தியபோது எலிகள் மார்ஃபினுக்கு அடிமையானவை போலவே நடந்துகொண்டதை 1976இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

டெல்டா ஏற்பி

ஓப்பியாய்டு ஏற்பிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கலாம் என்பதை அமெரிக்காவின் கென்டக்கியில் வில்லியம் மார்ட்டின் நாய்களில் செய்த ஆய்வுகளின் மூலம் 1976இல் முன்வைத்தார். மார்ஃபினின் பெயரைக் கொண்டு மியூ எனவும், கீட்டோசைக்ளசோசின் என்னும் மருந்தின் பெயரைக் கொண்டு காப்பா எனவும் அவர் கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டார்.

அபர்தீன் குழுவின் இரட்டைச் சோதனை இங்கு மீண்டும் கைகொடுத்தது. கினி எலியின் குடலில் மார்ஃபின் வலுவாகச் செயல்பட்டது. சுண்டெலியின் விந்துநாளத்திலோ என்கெஃபலின்கள் மார்ஃபினைக் காட்டிலும் பன்மடங்கு வீரியம் காட்டின. அதுமட்டுமன்றி, விந்துநாளத்தில் என்கெஃபலினின் விளைவை நீக்க, மார்ஃபினின் விளைவை நீக்கத் தேவைப்பட்டதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு நலோக்சோன் தேவைப்பட்டது. இரண்டும் ஒரே ஏற்பியில் செயல்பட்டால் இத்தகைய வேறுபாடு எழ வாய்ப்பில்லை. எனவே விந்துநாளத்தில் என்கெஃபலின்களுக்கு உரிய தனி ஏற்பி உள்ளது என்று லார்டு, வாட்டர்ஃபீல்டு, ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் ஆகியோர் 1977இல் நேச்சர் இதழில் அறிவித்தனர். விந்துநாளத்தின் இலத்தீன் பெயரான வாஸ் டெஃபெரன்ஸ் என்பதன் இரண்டாம் சொல்லை ஒட்டி அதற்கு டெல்டா என்று பெயர் அமைந்தது. மனநிலையோடு நெருங்கிய தொடர்புடையதாகப் பின்னர் அறியப்பட்ட ஏற்பி, மூளையோடு தொடர்பற்ற ஓர் உறுப்பின் பெயரைத் தாங்கி நிற்பது இதனால்தான்.

கொறிணிகளின் நடத்தையில் டெல்டா மருந்துகள்

டெல்டா ஏற்பியை மட்டும் தேர்ந்து தாக்கும் மருந்துகள் 1980களில் கிடைக்கத் தொடங்கின. ஏற்பியைத் தூண்டும் செயற்கைப் பெப்டைடான டிபிடிபிஇ 1983இலும், ஏற்பியை மறிக்கும் நால்ட்ரின்டோல் 1988இலும் அறிவிக்கப்பட்டன. 1990களில் பெப்டைடு அல்லாத பிடபிள்யூ373யு86, எஸ்என்சி80 ஆகிய தூண்டிகள் உருவாயின. 1992இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இரு குழுக்கள் டெல்டா ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தன. அதன்பின் அம்மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளும் உருவாக்கப்பட்டன. இவற்றைக் கொண்டு கண்டறியப்பட்ட முதன்மையான நடத்தை விளைவுகள் பின்வருமாறு:

* பதற்றம்: தரையிலிருந்து உயர்த்தப்பட்ட கூட்டல் குறி வடிவப் பாதையில் இரு கைகள் சுவருடனும் இரு கைகள் திறந்தும் இருக்கும். அச்சம் மிகுந்த விலங்கு சுவருள்ள பகுதியிலேயே ஒதுங்கி நிற்கும். டெல்டா தூண்டிகள் பெற்ற எலிகள் திறந்த கைகளில் கூடுதல் நேரம் உலவின. நால்ட்ரின்டோல் பெற்றவை ஒதுங்கின. டெல்டா மரபணு இல்லாத சுண்டெலிகள் பதற்றம் மிகுந்தவையாக இருப்பது 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. மியூ மரபணு இல்லாதவற்றில் இதற்கு எதிரான போக்கு காணப்பட்டது. என்கெஃபலின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளும் அச்சம் மிகுந்தவை என்பது 1996இலேயே தெரிந்திருந்தது.
* மனச்சோர்வு: தப்ப வழியில்லாத நீர்க்கலத்தில் விடப்படும் எலி சிறிது நேரம் நீந்திவிட்டு அசையாமல் மிதக்கும். மனச்சோர்வு மருந்துகள் இந்த அசைவற்ற நேரத்தைக் குறைப்பவை. டெல்டா தூண்டிகளும் அவ்வாறே குறைத்தன. எனினும் எலியின் அசைவின்மையை மனிதரின் மனச்சோர்வுக்கு ஈடாகக் கொள்ளலாமா என்பது விவாதத்திற்குரியது. எஸ்என்சி80 எலிகளின் பொதுவான ஓடியாடும் தன்மையைக் கூட்டுவதும் இங்குக் கருத்தில் கொள்ள வேண்டியதாகும்.
* வலி: திடீர் வலியில் டெல்டா தூண்டிகளின் பயன் மார்ஃபினைவிடக் குறைவு. வீக்கத்தாலோ நரம்புச் சேதத்தாலோ நீடிக்கும் வலியில் அவற்றின் விளைவு கூடுகிறது. நைட்ரோகிளிசரின் கொடுத்து ஒற்றைத் தலைவலிக்கு ஒப்பான நிலை உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளிலும் எஸ்என்சி80 பயன் தந்தது.
* மார்ஃபினுக்குப் பழகிப்போதல்: மார்ஃபினைத் தொடர்ந்து கொடுத்தால் அதே அளவு மருந்து நாளடைவில் வலியைப் போக்குவதில்லை. சுண்டெலிகளுக்கு நால்ட்ரின்டோலைச் சேர்த்துக் கொடுத்தபோது இவ்வாறு பழகிப்போவது குறைந்தது (1991). டெல்டா மரபணு இல்லாதவற்றில் இந்நிலை தோன்றவில்லை (1999).
* மது அருந்துதல்: டெல்டா மரபணு இல்லாத சுண்டெலிகள் கூடுதலாக மது அருந்தின, அருந்திய பின் அவற்றின் பதற்றம் தணிந்தது (2001).
* வலிப்பு: பிடபிள்யூ373யு86, எஸ்என்சி80 போன்றவை வலிப்பை உண்டாக்கின. மருந்தை மெதுவாகச் செலுத்தினால் வலிப்பு குறைந்தது. மனச்சோர்வுச் சோதனையில் பயன் நீடித்தது. எனவே இரண்டு விளைவுகளையும் பிரிக்க முடியும் என்று கருதப்படுகிறது. வலிப்பை உண்டாக்காத கேஎன்டி-127 போன்ற தூண்டிகளும் பின்னர் உருவாக்கப்பட்டன.

ஆய்வுக்கூட விலங்குகளில் கிடைத்த இப்பயன்கள் மனிதர்களிடம் எளிதில் நிறைவேறவில்லை. வலிக்காகச் சோதிக்கப்பட்ட சில டெல்டா தூண்டிகள் மருத்துவச் சோதனைகளில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. டெல்டா ஏற்பியை மட்டும் தூண்டும் மருந்து எதுவும் மருத்துவப் பயன்பாட்டிற்கு வரவில்லை. மியூ ஏற்பியைத் தூண்டி டெல்டா ஏற்பியை மறிக்கும் எலக்சடோலின் என்னும் மருந்து 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது வலிக்கோ மனச்சோர்வுக்கோ அன்றி, வயிற்றுப்போக்குடன் கூடிய குடல் கோளாறு ஒன்றிற்கு வழங்கப்படுகிறது.

விருதுகளும் சர்ச்சையும்

* எடின்பரோ அரச கழக உறுப்பினர் (1951)
* லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் (1978)
* ஆல்பர்ட் லாஸ்கர் அடிப்படை மருத்துவ ஆய்வு விருது (1978)
* ராயல் சொசைட்டியின் ராயல் பதக்கம் (1979)
* ஹார்வி பரிசு (1981)

லாஸ்கர் விருது கோஸ்டர்லிட்ஸ், ஹியூஸ், ஸ்னைடர் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஸ்னைடரின் ஆய்வகத்தில் மாணவியாக இருந்து ஏற்பியைக் கண்டறியும் சோதனைகளைச் செய்த கேண்டஸ் பெர்ட் விடுபட்டது பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. தமது பங்கு புறக்கணிக்கப்பட்டதாகப் பெர்ட் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். அறிவியல் பரிசுகளில் இளம் ஆய்வாளர்களுக்கும் பெண்களுக்கும் உரிய இடம் குறித்த விவாதங்களில் இந்நிகழ்வு பின்னரும் எடுத்துக்காட்டப்பட்டு வந்தது. ஓப்பியாய்டு ஏற்பிகளுக்கோ என்கெஃபலின்களுக்கோ நோபல் பரிசு வழங்கப்படவில்லை.

குடும்பமும் மறைவும்

கோஸ்டர்லிட்ஸ் 1937இல் ஹன்னா என்று அழைக்கப்பட்ட ஜொஹானா கிரெஸ்ஹோனரை மணந்தார். இவர்களுடைய மகன் ஜான் மைக்கேல் கோஸ்டர்லிட்ஸ் 1943இல் அபர்தீனில் பிறந்தார். இயற்பியலாளரான அவர், பொருட்களின் இடவியல் நிலைமாற்றங்கள் குறித்த ஆய்விற்காக டேவிட் தவ்லஸ், டங்கன் ஹால்டேன் ஆகியோருடன் 2016ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஓய்வு பெறும் வயதைக் கடந்த பின்னரும் கோஸ்டர்லிட்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வகப் பணியைத் தொடர்ந்தார். 1980களில் காப்பா ஏற்பியின் இயல்புகளையும், மூன்று ஏற்பி வகைகளோடு பல்வேறு பெப்டைடுகள் பிணையும் விதத்தையும் தம் குழுவினருடன் ஆராய்ந்து வெளியிட்டார். 1996 அக்டோபர் 26 அன்று, தமது 93ஆவது வயதில் அபர்தீனில் காலமானார். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் மருந்தாய்வுக்கான கோஸ்டர்லிட்ஸ் மையம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.